பெண் அறுவை மருத்துவரும் நமது ஜூபிலி நிதியும்

(ஜூபிலி ஆண்டை முன்னிட்டு மாதர் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



மாதர் சங்கத்தார் பங்கு மனைக்கு வந்து, "சாமி, ஜூபிலிக் கூட்டத்தில் பெண் கல்வியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்" என்று கேட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்ட பிறகுதான் யோசனை வந்தது. திருச்சியில் நின்றுகொண்டு பெண் கல்வி தேவை என்று பேசுவது காவிரிக் கரையில் நின்று தண்ணீர் நல்லது என்று பேசுவது போலாகும். 1923-ஆம் ஆண்டு முதல் ஹோலி கிராஸ் கல்லூரி இங்கே பெண்களைப் பட்டதாரிகளாக்கி வருகிறது. உங்கள் பாட்டிமாரே அங்கே படித்திருக்கக்கூடும். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் பக்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும், யார் படிக்கிறார்கள் என்று. ஆகவே பொதுவாகப் பேசினால் நீங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதனால் ஒரே ஒரு குறுகிய விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அறுவை சிகிச்சை கற்ற பெண் ஒருத்தி, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய விரும்பினால், அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அவளைத் தாங்குவது யார் என்பதே அது.

இதை இன்று எடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நமது ஜூபிலிக் கமிட்டி கையில் இருக்கும் பணம். கோபுரத்துக்கு வர்ணம், புதிய கொடிமரம், வாசலில் ஆர்ச், ஒலிபெருக்கி என்று பட்டியல் நீண்டிருக்கிறது. கொடிமரம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு இந்தப் பங்கில் இருக்க முடியுமா? மிச்சப் பணத்தைப் பற்றித்தான் பேச்சு. இரண்டாவது காரணம், நமது பங்கைச் சேர்ந்த ஒரு பெண். பெயர் சொல்லமாட்டோம். அவருடைய சம்மதம் கேட்ட பிறகே இவ்வளவும் சொல்கிறோம். எம்.எஸ். முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். ஒன்றரை வயதில் கைக்குழந்தை. மார்பகப் புற்றுநோய் அறுவையில் ஆராய்ச்சி செய்ய வேறோர் ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் உண்டு, ஆனால் இப்போது வாங்கும் சம்பளத்தில் பாதிதான். அங்கே வீட்டு வாடகை உண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் நம்மிடம் வந்தார்கள். மாமியார் மிக நல்ல பெண்மணி. தினமும் பூசைக்கு வருபவர். "சாமி, படிச்சதெல்லாம் போதாதா? இதுவே ஆம்பளப் புள்ளையா இருந்தா போயிட்டு வாடான்னு சொல்லிடலாம். இவ போயிட்டா குழந்தையை யாரு பாக்கறது?" என்று கேட்டார். கேள்வி பொல்லாத கேள்வியல்ல. நியாயமான கேள்விதான். அதற்கு நியாயமான பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததன் பலனே இந்த உரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. எம்.எஸ். மூன்று ஆண்டு. மூளை, இருதயம், புற்றுநோய் என்று ஒரு கிளையில் இறங்கினால் எம்.சிஎச். இன்னும் மூன்று ஆண்டு. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தவர், நடுவே நுழைவுத் தேர்வுக்கு ஒன்றிரண்டு ஆண்டு போனால், வெளியே வரும்போது முப்பதைத் தாண்டிவிடுகிறார். ஆராய்ச்சிக்கு வாசல் திறப்பது அப்போதுதான். அதே வயதில்தான் கல்யாணம், பிள்ளைப்பேறு, தொட்டில் எல்லாம். ஆணுக்கு இந்த இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. பெண்ணுக்குத் தடுக்கிறது. இன்று மருத்துவக் கல்லூரிகளில் சேருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஆனால் அறுவை அரங்கில் கத்தி பிடிப்பவர்களில் அவர்கள் சிறுபான்மை. அறுவையைப் பற்றி ஆராய்ந்து எழுதுபவர்களில் இன்னும் சிறுபான்மை. அறிவு குறைந்ததாலா? இல்லை. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே அவர்களுடைய காலத்தை யாரும் விலை கொடுத்து வாங்கித் தரவில்லை.

உதவித்தொகை என்பது அதுதான், வேறொன்றுமில்லை. படிப்புக்குக் கொடுக்கும் ஸ்காலர்ஷிப் போல இது பரீட்சைக் கட்டணமோ புத்தகச் செலவோ அல்ல. அறுவை மருத்துவர் ஒருவர் நாள்தோறும் வரிசையாக ஆபரேஷன் செய்துகொண்டே இருந்தால் வீட்டுக்குச் சம்பளம் வரும். ஆனால் செய்த ஆபரேஷன்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டு கழித்தும் நலமாக இருக்கிறார்கள், எவருக்கு ஏன் திரும்ப வந்தது, இதைவிடச் சிறிய கீறலில் இதே பலன் கிடைக்குமா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால், அரங்கை விட்டு வெளியே வந்து நோட்டுப் புத்தகத்தோடும் சோதனைச் சாலையோடும் சில ஆண்டுகள் இருக்க வேண்டும். அந்த ஆண்டுகளுக்கு அடுப்பெரிய யாராவது பணம் தர வேண்டும்.

நம்முடைய பக்கத்து ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைத் தெரியாதவர் இருக்கமாட்டீர்கள். தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் ஆண்பிள்ளைகள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது ஊரே எதிர்த்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். உதவிப் பணமும் கொடுத்தார். 1912-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அதன் பிறகு நடந்தது. 1925-ஆம் ஆண்டு, பட்டம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டு கழித்து, அரசாங்க உதவித்தொகையில் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றார். அப்போது அவருக்கு வயது 39. இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்திருந்தார். லண்டனில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதைக் கண்டவர், நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார். அந்த எண்ணம் நிறைவேற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1952-ஆம் ஆண்டு அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறந்தது. நம் பங்கிலிருந்து எத்தனை குடும்பங்கள் அடையாறு போய் வந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்கு ஒரு சர்க்கார் கொடுத்த ஓராண்டுக்கும் குறைவான காலத்தின் வட்டியை அந்தக் குடும்பங்கள் இன்றுவரை அனுபவிக்கின்றன.

இப்போது நம் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கத்தி பிடிக்கும் விஷயத்தில் திருச்சபைக்கே ஒரு பழைய தயக்கம் இருந்தது. 1215-ஆம் ஆண்டு நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் சுடுதலும் அறுத்தலும் உள்ள சிகிச்சையில் ஈடுபடக் கூடாது என்று விதித்தது. நாம் குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நாளில் ஒப்புநோக்குவதற்காக 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பைப் புரட்டியதுண்டு. அதில் 139-ஆம் சட்டம், திருப்பீடத்தின் விசேஷ அனுமதியின்றிக் குருக்கள் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ செய்யலாகாது என்கிறது. 592-ஆம் சட்டம் அதே கட்டுப்பாட்டைத் துறவிகளுக்கும் நீட்டுகிறது. துறவிகள் என்றால் கன்னியரும் அதில் அடக்கம். விளைவு என்ன? நம் நாட்டில் பர்தாவுக்குள் இருந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மறுத்துப் பிரசவத்தில் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அணுகக்கூடிய கன்னியர்களோ பிரசவம் பார்க்க அனுமதியின்றி நின்றார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றவர் ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மாது. வயதான காலத்தில் கத்தோலிக்கத்தைத் தழுவிய மருத்துவர். எழுபதைத் தாண்டிய வயதில் ராவல்பிண்டிக்குப் பயணம் செய்து பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வித்திட்டார். சட்டத்தைத் தளர்த்தும்படி ரோமாபுரிக்கும் நடையாய் நடந்தார். அவர் செய்த இன்னொரு காரியம் நம் பேச்சுக்கு நேரே பொருந்தும். ஆஸ்திரியாவில் மலைநாட்டுக் கிராமத்தில் இருந்த அன்னா டெங்கல் என்ற இளம்பெண்ணைக் கடிதம் மூலமே கண்டுபிடித்து, அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் படிக்க வழி செய்துகொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. 1913-ஆம் ஆண்டு மக்லாரன் இறந்துவிட்டார். டெங்கல் 1919-ஆம் ஆண்டு படிப்பை முடித்து, மறு ஆண்டு ராவல்பிண்டி வந்து சேர்ந்தார். 1925-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் என்ற சபையைத் தொடங்கினார். அதே மக்லாரனின் வரலாற்றைச் சிறு பிரசுரத்தில் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, 1920-ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து கன்னியர் சபையில் சேர்ந்தார். பாப்பரசரின் விசேஷ அனுமதி பெற்று மருத்துவம் செய்தார். கடைசியாக 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து மாதா திருநாளன்று, ரோமாபுரியிலிருந்து வந்த ஆணை கன்னியர்கள் மருத்துவமும் பிரசவ மருத்துவமும் முறைப்படிக் கற்றுப் பட்டம் பெற ஊக்கமளித்தது. தெப்பக்குளம் பக்கத்தில் லூர்து மாதா கோயிலைக் கடந்து போகும்போதெல்லாம் நமக்கு இந்தத் தேதி நினைவுக்கு வருகிறது. ஒரு மாது இன்னொரு பெண்ணின் படிப்புக்குக் கைகொடுத்தது 1913-க்கு முன். சட்டம் அதற்கு வழிவிட்டது 1936-இல். பணம் முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்தது. திருச்சபை வரலாற்றில் இப்படி நடந்தது இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலூரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் பிரிந்த சகோதரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. கல்லூரிக்கு வேர். அங்கே பயின்றவர் கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ். 1954-ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். இளம் மருத்துவர் ஒருவருக்கு அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். டாக்டர் பால் பிராண்ட் நினைக்கவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை நிமிர்த்தும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் அந்த அறுவைகளைச் செய்தார். பிறகு உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்று, ஹோவர்டு ரஸ்க் என்பவர் நடத்திய புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் பயின்று 1962-ஆம் ஆண்டு திரும்பினார். மறு ஆண்டு முதல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ஆம் ஆண்டு அங்கே புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்த பனையேறிகளும் கட்டிட வேலைக்காரர்களும் மறுபடி நாற்காலியில் உட்காரவும் கைத்தொழில் செய்யவும் கற்றுக்கொள்ளும் இடம் அது. வேலூரிலிருந்து புறப்பட்டபோது அவர் தம் கால்களில் நிற்க முடியாதவர். அவருக்குக் கொடுத்த பணம் வீணாகும் என்று எவராவது கணக்குப் பார்த்திருந்தால்?

நாம் மிகவும் விரும்பிச் சொல்ல வந்தது டாக்டர் டி. எஸ். கனகாவைப் பற்றி. டி என்பது தஞ்சாவூர், எஸ் என்பது தந்தையார் சந்தானகிருஷ்ணன். நம் அடுத்த ஊரின் பெயரை முதலெழுத்தாகச் சுமந்தவர். 1932-ஆம் ஆண்டு பிறந்தார். 1954-ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். 1963-ஆம் ஆண்டு எம்.எஸ். நடுவே சீனப் போரின்போது ராணுவத்தில் மருத்துவ அதிகாரியாகச் சேவை. 1968-ஆம் ஆண்டு மூளை நரம்பு அறுவையில் எம்.சிஎச். பட்டம். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர் என்றும், உலகிலேயே அத்துறையில் முறையாகத் தகுதி பெற்ற முதல் சில பெண்களில் ஒருவர் என்றும் அவரைச் சொல்வார்கள். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவே உள்ள ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள், பதினான்கு!

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி உருவாக்கிய மூளை அறுவைத் துறையில் டாக்டர் பாலசுப்பிரமணியம், டாக்டர் கல்யாணராமன் ஆகியோருடன் அவர் பணியாற்றினார். அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடுக்குவாதத்தில் கை ஆடிக்கொண்டே இருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். நற்கருணை வாங்க வரும்போது நாக்கை நீட்டுவதற்குள் தலை ஆடுகிறதே, அந்த நோய். அதற்குக் காரணமான இடம் மூளையின் அடி ஆழத்தில் இருக்கிறது. மண்டையைத் திறந்து அங்கே கை வைக்க முடியாது. ஆகவே நோயாளியின் தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். எக்ஸ்ரே படத்தை வைத்து, நீளம், அகலம், ஆழம் என்று மூன்று அளவுகள் எடுத்து, தச்சர் துளையிடுவது போல ஒரு சிறு துவாரம் போட்டு, மெல்லிய ஊசி போன்ற கம்பியை அந்த இடத்துக்குச் சரியாகச் செலுத்துவார்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பேச்சுப் போகலாம், பார்வை போகலாம். அந்நாளில் அந்தக் கம்பியால் ஒரு புள்ளி அளவு மூளையைச் சுட்டு அழிப்பார்கள். நடுக்கம் நிற்கும். ஆனால் அழித்தது அழித்ததுதான், திரும்ப வராது. அழிக்காமலேயே, கம்பியை உள்ளேயே விட்டுவைத்து, மெல்லிய மின்சாரத்தால் அந்த இடத்தை அடக்கிவைக்க முடியாதா? வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாமே! இந்தக் கேள்விக்கு ஜப்பானில் ஆய்வு நடந்துகொண்டிருந்தது.

1973-ஆம் ஆண்டு கனகா கொழும்புத் திட்ட உதவித்தொகையில் டோக்கியோ சென்றார். பேராசிரியர் நாராபயாஷியிடம் வழிகாட்டுதல் பெற்றார். கொழும்புத் திட்டம் என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1950-ஆம் ஆண்டு காமன்வெல்த் நாடுகள் கொழும்பில் கூடி வகுத்த உதவித் திட்டம். 1954-ஆம் ஆண்டு ஜப்பானும் அதில் சேர்ந்தது. அணைக்கட்டு, இயந்திரம் என்று பெரிய விஷயங்களுக்கு மட்டுமல்லாமல் ஆட்களின் பயிற்சிக்கும் அதில் பணம் இருந்தது நம் பாக்கியம். அப்போது அவருக்கு வயது 41. திரும்பி வந்து இரண்டே ஆண்டில், 1975-ஆம் ஆண்டிலேயே, மூளைக்குள் கம்பியை நிரந்தரமாகப் பதித்துத் தூண்டும் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். பிரான்சு நாட்டில் பெனாபித் என்ற மருத்துவர் நடுக்கத்துக்கு இதே வகைச் சிகிச்சையைச் செய்து உலகமெங்கும் அது பரவ வழி திறந்தது 1987-ஆம் ஆண்டில். நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஏழைகள் படுக்கும் வார்டில், அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே அந்தக் கதவைத் தட்டிய கை ஒரு பெண்ணுடையது.

ஓய்வு பெற்ற பிறகு தம் சொந்தப் பணத்தில் பெற்றோர் பெயரால் ஒரு மருத்துவமனை அமைத்தார். ரத்த தானம் மட்டும் 139 முறை செய்து சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காலமானார். எண்பத்தாறு ஆண்டு வாழ்ந்தவருக்கு அவருடைய ஊரில் ஒரு தெருவின் பெயராவது உண்டா என்று நாம் கேட்கப் போவதில்லை; இன்றைய பேச்சு அதுவல்ல.

இந்த மூவரின் வயதைச் சேர்த்துப் பாருங்கள். முத்துலட்சுமி அம்மையார் 39. கனகா 41. மேரி வர்கீஸ் திரும்பும்போது 37. இங்கேதான் நம் கமிட்டியில் உள்ள நண்பர்களோடு நமக்குச் சிறு வழக்கு. நிதி ஒன்று வைப்பதாக இருந்தால் விண்ணப்பிப்பவர் முப்பது வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மணமாகாதவராக இருந்தால் நல்லது என்று ஒரு நகல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதி அன்று இருந்திருந்தால் மூவரில் ஒருவரும் கப்பலோ விமானமோ ஏறியிருக்க மாட்டார்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை இதை உணர்ந்திருந்தது. 2002-03-ஆம் ஆண்டில், குடும்பத்துக்காக இடையில் வேலையை விட்ட பெண்கள் மீண்டும் ஆராய்ச்சிக்கு வர ஒரு திட்டம் தொடங்கியபோது, முப்பது வயதைத் தாண்டியவர்களும் வரலாம் என்று வைத்தது. சர்க்காருக்கு இருக்கும் தாராளம் பங்குக்கு இருக்கக் கூடாதா?

ஆராய்ச்சி எதற்கு, ஆபரேஷன் செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனடா நாட்டின் ஒன்ராறியோ மாநிலத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஆண் மருத்துவரிடம் அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு, பெண் மருத்துவரிடம் செய்துகொண்ட பெண்களைவிடப் பாதக விளைவுகள் சற்று அதிகம் என்று அதில் கண்டார்கள். ஏன் என்று முடிவாகச் சொல்லவில்லை. வலியைச் சொல்லும்போது கேட்கப்படவில்லையோ, சொல்லவே கூச்சப்பட்டார்களோ, நமக்குச் சொல்லத் தெரியாது. ஆண் மருத்துவர்களைக் குறை கூறவும் நாம் இதைச் சொல்லவில்லை. நம்மில் பலர் அவர்கள் கையால் உயிர் பிழைத்தவர்கள். ஆனால் இப்படியொரு கேள்வியைக் கேட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எவருக்காவது தோன்ற வேண்டுமே! நோயிற்பூசுதலுக்காக மருத்துவமனைகளுக்குப் போகும்போது நாம் எத்தனையோ தாய்மாரைப் பார்த்திருக்கிறோம். மார்பில் கட்டி கண்டு ஓராண்டு, ஈராண்டு மறைத்துவைத்து, புண்ணாகி நாற்றம் வந்த பிறகே மகளிடம் வாய் திறந்தவர்கள். "ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிச் சாமி காட்டறது?" என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் இதே கூச்சம்தான், பாலக்கரையிலும் இதே கூச்சம்தான். இந்தத் தாய்மார் ஏன் தாமதித்து வருகிறார்கள், எந்தச் சிகிச்சை அவர்களுக்கு ஏற்கும் என்பதை யார் ஆராயப் போகிறார்? நம் பங்குப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறக்குறைய இந்த விஷயத்தைப் பற்றியதுதான்.

இனிப் பணத்துக்கு வருவோம். பத்து லட்ச ரூபாயை முதலாக வங்கியில் போட்டு, ஏழு சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு எழுபதாயிரம் வரும். மாதம் ஆறாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இதனால் ஒரு மருத்துவரின் குடும்பம் நடக்காது. நடத்தவும் வேண்டாம், உதவித்தொகை தருகிற ஸ்தாபனம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரிய உதவித்தொகை எதிலும் அடங்காத ஒரு செலவு உண்டு: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கூலி, அல்லது மாமியாரே உடன் போய் இருப்பதென்றால் அவருக்கு மருந்து, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக ரயில் கட்டணம். அந்தச் சின்னத் தொகை இல்லாமல்தான் பெரிய வாய்ப்புகள் நழுவுகின்றன. "குழந்தையை யாரு பாக்கறது?" என்ற கேள்விக்கு நாம் கண்ட பதில் இந்த ஆறாயிரம்தான்.

கொடுப்பவர் நிபந்தனை போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடலாம், நல்ல நிபந்தனையாக இருந்தால். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பணமில்லாமல் திறக்க முடியாமல் நின்றபோது மேரி காரெட் என்ற சீமாட்டி மூன்று லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார். ஆண்களுக்கு உள்ள அதே விதிப்படி பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. நிர்வாகத்தினருக்கு அது கசந்தது. ஆனால் வேறு வழியில்லை. 1893-ஆம் ஆண்டு கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பிலேயே பெண்கள் மூவர் இருந்தார்கள். சீமாட்டியின் பணப்பை நம்மிடம் இல்லை. நிபந்தனை போடும் தைரியம் இருக்கிறது. ஆகவே வயது வரம்பை எடுத்துவிட வேண்டும். மணமானவரா என்று கேட்கக் கூடாது. கடனாகக் கொடுக்கக் கூடாது. திருச்சிக்கே திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கவும் கூடாது. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் வேறோர் ஊரில் நோயாளிகளே இல்லையா?

கடைசியாக ஒன்று, இதில் கமிட்டியில் கருத்து வேற்றுமை அதிகம். நிதி நம் பங்குப் பெண்களுக்கு மட்டுமா, கத்தோலிக்கருக்கு மட்டுமா, அல்லது திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் உள்ள எந்தப் பெண்ணுக்குமா? முதலாவதாக நம் பங்குப் பெண்ணுக்குக் கொடுப்போம், அதில் தகராறில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒரு பங்கில் பெண் அறுவை மருத்துவர் ஆராய்ச்சிக்குக் கிளம்பமாட்டார். பணம் வங்கியில் தூங்கும். ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பத்துப் பெண்ணோ நத்தர்வலி தர்காத் தெருப் பெண்ணோ கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கட்டிலில் படுத்திருப்பவரிடம் அறுவை மருத்துவர் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்பதில்லை. அவருடைய படிப்புக்குப் பணம் கொடுக்கும் நாம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? இதற்கு எதிராகப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம். நாம் கேட்கத் தயார்.

கமிட்டி வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மனை மாடியில் கூடுகிறது. பதினோரு பேர் கொண்ட கமிட்டியில் பெண்கள் இருவர்தான். ஆகவே மாதர் சங்கத்திலிருந்து இன்னும் நால்வரை அனுப்பிவைக்கும்படி தலைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாக்குரிமை இல்லாவிட்டாலும் பேச்சுரிமை உண்டு. நகலின் பிரதி கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வயது வரம்பு உள்ள வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருப்பது நாம்தான். அந்தப் பெண் தம் பதிலை மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு ஞாயிறுகளே இருக்கின்றன.